பவர் சர்வரில் உறங்கும் கோர்களைச் செயல்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐபிஎம் நிறுவனத்தின் பவர் வரிசையைச் சேர்ந்த பெரிய சர்வர்களை நிர்வகிப்பவர்களும், அவற்றுக்கான செலவுக்கு ஒப்புதல் தரும் நிதிப் பிரிவினரும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். சர்வருக்குள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தும் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்படாத புராசஸர் கோர்களை, அதாவது சிப்புக்குள் தனித்தனியே கணக்கிடும் அலகுகளை, எப்படி இயக்கத்துக்குக் கொண்டுவருவது என்பதே அவற்றின் மையம். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். ஒரே சர்வரைப் பிரித்து உருவாக்கும் மெய்நிகர் சர்வரான பார்ட்டிஷன் என்பதும், ஹெச்எம்சி என்னும் மேலாண்மைக் கன்சோலும் ஓரளவு பழகியவர்களுக்காக இது எழுதப்பட்டது.

எங்கள் சர்வரில் 48 கோர் இருக்கிறது, ஆனால் 20 மட்டுமே வேலை செய்கிறது என்கிறார்கள். மீதி 28 ஏன் சும்மா இருக்கின்றன?

பெரிய பவர் சர்வர்களில் சிப்பும் அதைப் பயன்படுத்தும் உரிமையும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 2018-இல் வந்த ஈ980 சர்வரின் ஒரு நோடில் (சர்வரை ஆக்கும் பெட்டிகளில் ஒன்றில்) நான்கு சிப்புகள் இருக்கும். சிப்புக்கு 12 கோர் வகையை வாங்கினால் ஒரு நோடுக்கு 48 கோர்கள். அத்தனையும் பொருத்தப்பட்டே வரும். எத்தனை கோருக்குச் செயல்படுத்தும் கட்டணம் செலுத்தினீர்களோ, அத்தனையை மட்டும் சர்வரின் உள்ளமை மென்பொருளான ஃபர்ம்வேர் பார்ட்டிஷன்களுக்குக் கொடுக்கும், எஞ்சியவை உறங்கும். நினைவகத்துக்கும் இதே ஏற்பாடு உண்டு, ஆனால் அதில் பொருத்தப்பட்டதில் பாதியையாவது தொடக்கத்திலேயே செயல்படுத்தியாக வேண்டும்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தி, திறந்து, புதிய சிப்பைப் பொருத்தி, மீண்டும் எழுப்புவதற்கு ஒரு வங்கியோ மருத்துவமனையோ கொடுக்க வேண்டிய விலை பெரிது, அதைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடுதான் இது. ஆனால் விலைப்புள்ளியில் பொருத்தப்பட்ட கோர்களின் எண்ணிக்கையும் செயல்படுத்தப்பட்ட கோர்களின் எண்ணிக்கையும் தனித்தனி வரிகளாக இருக்கின்றனவா என்பதையும், பின்னாளில் ஒரு கோரைச் செயல்படுத்த ஆகும் விலை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் கையெழுத்திடும் முன் பார்த்துவிட வேண்டும். இரண்டாவதை விட்டுவிடுபவர்கள் சர்வர் வந்து சேர்ந்த பிறகு பேரம் பேசும் வலிமையை இழந்துவிடுகிறார்கள்.

அந்த 28-இல் எந்தெந்தக் கோர் உறங்குகிறது என்று அடையாளம் காட்ட முடியுமா?

முடியாது, அதற்குத் தேவையும் இல்லை. உரிமம் எண்ணிக்கைக்கு உரியது. குறிப்பிட்ட கோருக்கு உரியதன்று. மொத்தம் 20 என்னும் வரம்புக்குள் எந்தக் கோர்களைப் பயன்படுத்துவது என்பதை, பார்ட்டிஷன்களுக்குத் திறனைப் பங்கிடும் ஃபர்ம்வேர் பகுதியான ஹைப்பர்வைசரே தீர்மானிக்கிறது. ஒரு பார்ட்டிஷனின் கோர்களும் அதன் நினைவகமும் ஒன்றுக்கொன்று அருகில் அமைந்தால் வேகம் கூடும் என்பதால், உறங்கும் கோர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அது இடம் தேர்ந்தெடுக்கும். ஆகவே உறங்கும் கோர்கள் இருப்பதால் உங்களுக்கு இப்போதே ஒரு சிறு நன்மை கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

செயல்படுத்துவதற்கு எத்தனை வழிகள் உள்ளன?

முதலாவது நிரந்தர முறை: ஒருமுறை பணம் செலுத்தி, குறியீடு பெற்று, கோரைச் சொந்தமாக்கிக்கொள்வது. இரண்டாவது எலாஸ்டிக் முறை. ஆன்/ஆஃப் என்பது இதன் பழைய பெயர், இன்றும் பலர் அப்படியே அழைக்கிறார்கள். இத்தனை கோர், இத்தனை நாள் என்று கேட்டு எடுத்து, கோர்-நாள் கணக்கில் கட்டணம் செலுத்துவது இது. மூன்றாவது யூட்டிலிட்டி முறை, இதில் பகிர்வுப் பூலின், அதாவது பல பார்ட்டிஷன்கள் பகிர்ந்துகொள்ளும் கோர்த் தொகுப்பின், பயன்பாடு நீங்கள் சொந்தமாக வைத்திருக்கும் கோர்களைத் தாண்டும்போது மட்டும் நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறும். இவற்றுடன் இலவச முன்னோட்டமான டிரையல் முறையும், பல சர்வர்களை ஒரே குழுவாகக் கருதும் என்டர்பிரைஸ் பூல் முறையும் உள்ளன.

ஒரே சர்வரில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளை அடுத்தடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் எல்லா முறைகளும் எல்லா மாடல்களுக்கும் கிடையாது. உங்கள் மாடலுக்கு எவை பொருந்தும் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

நிரந்தரமாகச் செயல்படுத்தும்போது உண்மையில் என்ன நடக்கிறது? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஹெச்எம்சியில் அந்தச் சர்வரைத் தேர்ந்து, கெப்பாசிட்டி ஆன் டிமாண்ட் பகுதிக்குள் புராசஸருக்கான குறியீட்டுத் தகவலைத் திறக்க வேண்டும். அங்கே சர்வரின் வகை, வரிசை எண், ஆங்கர் கார்டின் (சர்வரின் அடையாளத்தையும் உரிமப் பதிவையும் வைத்திருக்கும் சிறு கார்டின்) வரிசை எண், அந்தக் கார்டுக்கே உரிய தனி அடையாளம், இதுவரை செயல்படுத்தப்பட்ட கோர்களின் எண்ணிக்கை, ஒரு தொடர் எண், ஒரு சரிபார்ப்பு மதிப்பு ஆகியவை காட்டப்படும். ஆர்டர் கொடுத்ததும் ஐபிஎம் இந்த விவரங்களை வைத்தே உங்கள் சர்வருக்கு மட்டும் பொருந்தும் 34 எழுத்துக் குறியீட்டை உருவாக்கி, சர்வரின் வகையையும் வரிசை எண்ணையும் கொடுத்துத் தேடும் தன் இணையப் பக்கத்தில் வெளியிடுகிறது.

அந்தக் குறியீட்டை ஹெச்எம்சியில் உள்ளிட்டவுடன் ஃபர்ம்வேர் அதைச் சரிபார்த்து, அனுமதிக்கப்பட்ட கோர் எண்ணிக்கையை உயர்த்துகிறது. ஆங்கர் கார்டிலேயே இந்தப் பதிவு நிலைத்திருப்பதால் மின்சாரம் போய் வந்தாலும் அழியாது. உள்ளிடும் முன்பும் பின்பும் அந்தத் தகவல் திரையைப் படமெடுத்து, கொள்முதல் கோப்பில் சேர்த்துவையுங்கள். சில ஆண்டுகள் கழித்துத் தணிக்கையாளர் கேட்கும்போது கையில் இருக்கும் தெளிவான சான்று அதுவே.

சர்வரை ரீபூட் செய்ய வேண்டுமா?

வேண்டாம். சர்வரும் பார்ட்டிஷன்களும் ஓடிக்கொண்டிருக்கும்போதே குறியீட்டை உள்ளிடலாம். ஆனால் புதிய கோர்களை ஒரு பார்ட்டிஷன் எடுத்துக்கொள்வதற்கு அந்தப் பார்ட்டிஷனை மட்டும் நிறுத்த வேண்டிய நிலை வரலாம். அது ஏன் என்பது சற்றுக் கீழே வருகிறது.

குறியீட்டைச் சரியாகத்தான் உள்ளிட்டோம், ஏற்க மறுக்கிறது. என்ன காரணமாக இருக்கும்?

தட்டச்சுப் பிழையை முதலில் விலக்கிவிடுங்கள். குறியீட்டில் இருக்கும் வட்டம் பூஜ்யமே, ஆங்கில ஓ எழுத்து அன்று. குறியீடு பதினாறடிமான எண்முறையில் (0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும்) எழுதப்படுவதால் அதில் அந்த எழுத்துக்கு இடமில்லை. மின்னஞ்சலிலிருந்து நகலெடுக்கும்போது முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டிக்கொள்வதும் வழக்கம். அடுத்து, இணையப் பக்கத்தில் ஒரே சர்வருக்குப் பல குறியீடுகள் இருக்கும்: புராசஸருக்கு ஒன்று, நினைவகத்துக்கு ஒன்று, பவர்விஎம் மெய்நிகராக்க வசதிக்கு வேறொன்று. பவர்விஎம் குறியீட்டை உள்ளிடும் திரை தனியானது.

மூன்றாவது காரணம் வரிசை. ஹெச்எம்சி திரையில் தெரியும் என்று மேலே சொன்ன தொடர் எண் ஒவ்வொரு குறியீட்டுடனும் முன்னேறுவதால், பழைய ஆர்டர் ஒன்றின் குறியீட்டை உள்ளிடாமலே விட்டிருந்தால் புதியது பொருந்தாது. பழையதிலிருந்து வரிசையாக வர வேண்டும். இவை எவையும் இல்லையென்றால், திரையில் தெரியும் விவரங்களை அப்படியே ஐபிஎம்முக்கு அனுப்பி விளக்கம் கேளுங்கள். ஊகத்தில் மீண்டும் மீண்டும் முயன்றுபார்க்காதீர்கள். தவறான முயற்சிகள் பெருகினால், சர்வரையே மறுதொடக்கம் செய்யும் வரை அடுத்த முயற்சியை ஃபர்ம்வேர் தடுத்துவிடும்.

8 கோர் கூடுதலாகச் செயல்படுத்தினோம். ஆனால் டேட்டாபேஸ் முன்பு இருந்த அதே மந்தத்தில்தான் இருக்கிறது. பணம் வீணா?

என்னிடம் மிகுதியாக வரும் கேள்வி இதுதான். குறியீடு ஏறியதும் கோர்கள் சர்வருக்கு வந்துவிடுகின்றன. உங்கள் பார்ட்டிஷனுக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனிக் கோர்கள் ஒதுக்கப்பட்ட பார்ட்டிஷனாக இருந்தால், ஓடும்போதே பார்ட்டிஷனின் வளங்களைக் கூட்டிக் குறைக்க உதவும் டைனமிக் எல்பார் (எல்பார் என்பது பார்ட்டிஷனின் சுருக்கப் பெயர்) வழியாக நீங்களே கோர்களைச் சேர்க்க வேண்டும். பகிர்வுப் பூலைப் பயன்படுத்தும் பார்ட்டிஷனாக இருந்தால், பூல் தானாகவே பெரிதாகிவிடும், ஆனால் பார்ட்டிஷனின் விர்ச்சுவல் புராசஸர் (அதற்குக் காட்டப்படும் மெய்நிகர் கோர்) எண்ணிக்கையே அந்தப் பார்ட்டிஷனின் உச்சவரம்பு. உரிமை அளவு (உறுதியாகக் கிடைக்கும் கோர் அளவு) 2.0, விர்ச்சுவல் புராசஸர் 4 என்று அமைக்கப்பட்ட ஒரு அன்கேப்டு பார்ட்டிஷன், அதாவது உரிமை அளவைத் தாண்டியும் பூலிலிருந்து எடுக்கக்கூடிய பார்ட்டிஷன், பூலில் 20 கோர் இருந்தாலும் 28 கோர் இருந்தாலும் ஒரே நேரத்தில் 4 கோருக்கு மேல் எடுக்கவே முடியாது.

அந்த 4-ஐ 8 ஆக உயர்த்துவது ஓடும்போதே செய்யக்கூடிய வேலை, ஆனால் பார்ட்டிஷனின் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் புரொஃபைலில் அதிகபட்சம் என்று எழுதியிருக்கும் எண் அதற்கு இடம் தர வேண்டும். அங்கே 6 என்றிருந்தால் 6-க்கு மேல் போகாது. புரொஃபைலைத் திருத்தி, பார்ட்டிஷனை முழுவதும் நிறுத்தி, அந்தப் புரொஃபைலைக் கொண்டு மீண்டும் எழுப்ப வேண்டும். பார்ட்டிஷனை நிறுத்த வேண்டிய நிலை வரலாம் என்று மேலே சொன்னது இதைத்தான். புதிய பார்ட்டிஷன் அமைக்கும்போதே அதிகபட்ச எண்ணைத் தாராளமாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. இவை தவிர, பார்ட்டிஷன் தனியாக உருவாக்கப்பட்ட ஒரு பகிர்வுப் பூலுக்குள் இருந்தால், அந்தப் பூலுக்கென்று வைத்த உச்சவரம்பும் வழிமறிக்கும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் வேகம் கூடவில்லை என்றால், பணியின் தன்மையைப் பாருங்கள். ஒரே இழையில் ஓடும் இரவு நேர பேட்ச் வேலைக்கு எத்தனை கோர் கொடுத்தாலும் ஒன்றில்தான் ஓடும். வட்டு காத்திருப்பால் ஏற்படும் மந்தத்தையும் கோர்கள் தீர்க்காது.

அப்படியென்றால், கோர் உண்மையிலேயே போதவில்லை என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது எப்படி?

ஐபிஎம்மின் இயங்குதளமான ஏஐஎக்ஸில் எல்பார்ஸ்டாட் கட்டளையை நெரிசல் நேரத்தில் ஓடவிட்டு இரண்டு எண்களை அருகருகே பாருங்கள்: பார்ட்டிஷன் அந்த நொடியில் நுகரும் கோர் அளவு ஒன்று, பூலில் மிச்சமிருக்கும் கோர் அளவு மற்றொன்று. மேலே சொன்ன பார்ட்டிஷனில் நுகர்வு 3.9, 4.0 என்று உச்சியில் நிற்க, பூலில் 7 கோர் மிச்சம் என்று காட்டினால், நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. விர்ச்சுவல் புராசஸரை உயர்த்தினால் போதும். நுகர்வும் உச்சியில் இருந்து பூலின் மிச்சமும் பூஜ்யத்தை நெருங்கினால் மட்டுமே உறங்கும் கோர்களைத் தொடுவதற்குக் காரணம் இருக்கிறது.

பூலின் மிச்சம் காட்டும் பத்தி உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அந்தப் பார்ட்டிஷனின் அமைப்புகளில் செயல்திறன் தகவல் சேகரிப்புக்கான அனுமதி தரப்படவில்லை என்று பொருள். ஹெச்எம்சியில் அந்த ஒரு கட்டத்தைக் குறித்துவிட்டால் தெரியத் தொடங்கும். இந்த எண்களைக் குறைந்தது ஒரு முழு மாத முடிவையாவது உள்ளடக்கிய காலத்துக்குச் சேகரித்த பிறகே ஒப்புதல் கேட்கச் செல்லுங்கள்.

வாங்காமல் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

டிரையல் முறை இதற்காகவே உள்ளது. குறியீடு பெற்று உள்ளிட்டால் 30 நாள்களுக்குக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இதில் விதிவிலக்குக் கோரிக்கை என்று ஒரு வகை உண்டு: உறங்கும் கோர்கள் அனைத்தையும் திறக்கும், ஆனால் சர்வரின் ஆயுளில் ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். அதைச் சாதாரண ஆர்வத்துக்காகச் செலவிட்டுவிடாமல், பெரிய அளவில் தரவை இடம் மாற்றுவது போன்ற ஒரு தேவைக்காக வைத்திருப்பதே நல்லது.

மாத முடிவில் மூன்று நாள் மட்டும் நெருக்கடி. எலாஸ்டிக்கா, யூட்டிலிட்டியா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று நாளும் 4 கூடுதல் கோர் தேவை, ஆனால் நாளுக்கு 6 மணி நேரம் மட்டுமே என்று கொள்வோம். எலாஸ்டிக் முறையில் இது 12 கோர்-நாள். அதாவது 17,280 கோர்-நிமிடத்துக்குச் சமமான திறனை எடுத்து வைத்திருக்கிறீர்கள். உண்மையில் பயன்படுவது 4,320 கோர்-நிமிடம், நான்கில் ஒரு பங்கு. இப்படிச் சில மணி நேரம் மட்டும் எகிறும் சுமைக்கு, இரண்டின் விலையையும் ஒப்பிட்ட பிறகு, பெரும்பாலும் யூட்டிலிட்டி முறையே பொருந்தும். நாள் முழுவதும் சுமை நிலையாக இருந்தால் எலாஸ்டிக் முறையைக் கருதலாம்.

ஆனால் யூட்டிலிட்டி முறை பகிர்வுப் பூலுக்கு மட்டுமே உரியது. தனிக் கோர் பார்ட்டிஷன்களுக்கு அது உதவாது. அதில் நுகர்வுக்கு வரம்பு வைக்கும் வசதி உண்டு. முதல் நாளே அதை அமைத்துவிடுங்கள்.

எலாஸ்டிக் கோரிக்கையின் நாள்கள் முடிந்துவிட்டன. ஆனாலும் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

நாள் முடிந்ததும் கோர்களை நீங்கள் விடுவிக்க வேண்டும். தனிக் கோர் பார்ட்டிஷன் ஒன்று அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஹைப்பர்வைசரால் திரும்பப் பெற முடியாது. ஹெச்எம்சியில் அவை திரும்பாத கோர்கள் என்று பதிவாகி, கட்டணமும் தொடரும். கோரிக்கை முடியும் நேரத்துக்கு முன்பாகவே டைனமிக் எல்பார் வழியாகக் கோர்களை எடுத்துவிடும் பணியை, கோரிக்கை வைக்கும் அன்றே ஒருவர் பெயரில் ஒதுக்கிவிடுங்கள். டிரையல் முறையில் கட்டணம் இல்லாவிட்டாலும் வேறோர் ஆபத்து உண்டு: காலம் முடிந்த பின் சர்வரை அணைத்து எழுப்பினால் அந்தக் கோர்கள் இருக்காது, அவற்றை நம்பி அமைத்த பார்ட்டிஷன்களில் சில எழாமல் போகலாம்.

ஓடும் கோர் ஒன்று பழுதானால், உறங்கும் கோர் அதன் இடத்துக்கு வருமா? அதற்குப் பணம் கேட்பார்களா?

வரும், கேட்கமாட்டார்கள். ஒரு கோர் பழுதாகப் போகிறது என்பதற்கான அறிகுறிகளை ஃபர்ம்வேர் கண்டால், அதை விலக்கி உறங்கும் கோர் ஒன்றை அமர்த்திக்கொள்ளும். உரிம எண்ணிக்கை மாறாததால் கட்டணமும் இல்லை.

உறங்கும் கோரே இல்லாத சர்வரில், யாருக்கும் ஒதுக்கப்படாத கோர் இருக்கிறதா என்று அது தேடும். அதுவும் இல்லையென்றால் முன்னுரிமை குறைந்த பார்ட்டிஷனிடமிருந்து எடுக்கும். மற்றப் பார்ட்டிஷன்களுக்கு வட்டையும் வலையமைப்பையும் பகிர்ந்து தரும் விஐஓ சர்வர் பார்ட்டிஷன்களுக்கு இந்த முன்னுரிமை 191 என்றும் மற்றப் பார்ட்டிஷன்களுக்கு 127 என்றும் இயல்பாக அமைந்திருக்கும். உற்பத்திப் பார்ட்டிஷனும் சோதனைப் பார்ட்டிஷனும் ஒரே 127-இல் நிற்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சோதனைக்கு உரியதைக் குறைத்து வையுங்கள்.

ஆங்கர் கார்டை மாற்றிவிட்டார்கள். பழைய குறியீடுகள் செல்லுமா?

செல்லாது. குறியீடு அந்தக் கார்டின் அடையாளத்தோடு பிணைக்கப்பட்டது. புதிய கார்டுக்கு ஏற்ற குறியீடுகளை ஐபிஎம் வழங்கும். நீங்கள் வாங்கிய உரிமை போய்விடாது. ஆனால் பழுதுபார்க்க வரும் பொறியாளர் இதற்கான ஏற்பாட்டோடு வருகிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். நள்ளிரவில் கார்டு மாறி, குறியீட்டுக்காகக் காலைவரை காத்திருப்பது யாருக்கும் நேரக் கூடாது. தகவல் திரையைப் படமெடுத்து வைக்கச் சொன்னேனே, அந்தப் படங்கள் இங்கேயும் உதவும்.

பேரிடர் மீட்பு மையத்தில் உள்ள சர்வரில் குறைந்த கோரை மட்டும் செயல்படுத்தி வைத்தால் போதாதா?

போதும், பலர் செய்வதும் அதுதான். தவறுவது வேறோர் இடத்தில்: எலாஸ்டிக் முறைக்கு ஒப்பந்தமும், முன்கூட்டியே உள்ளிட வேண்டிய ஓர் அனுமதிக் குறியீடும் தேவை. பேரிடர் நாளில் அவற்றுக்கு ஆர்டர் கொடுக்க இயலாது. ஆண்டுப் பயிற்சியின்போது உண்மையாகவே இரண்டு கோரையாவது எலாஸ்டிக்கில் எடுத்து, பார்ட்டிஷனில் சேர்த்து, திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கட்டணம் சிறிது.

ஐபிஎம்மின் மெயின்ஃபிரேமில் இதற்கென்றே கெப்பாசிட்டி பேக்கப் (சுருக்கமாக CBU) என்னும் தனி ஏற்பாடு இருக்கிறது: பேரிடரில் 90 நாள் வரையும், ஒவ்வொரு சோதனைக்கும் 10 நாள் வரையும் கூடுதல் புராசஸர்களை இயக்கலாம். பவர் சர்வரின் விதிகளையும் அதன் விதிகளையும் ஒன்றாகக் கருதித் திட்டம் எழுதிவிடாதீர்கள்.

கோரைச் செயல்படுத்தினால் ஆரக்கிள் உரிமச் செலவும் கூடுமா?

பார்ட்டிஷனின் அமைப்பைப் பொறுத்தது. ஆரக்கிள் தன் கோர் பெருக்கல் பட்டியலில் பவர்6 தொடங்கிப் பவர்10 வரை ஒரு கோரை முழு ஒன்றாகவே கணக்கிடுகிறது. தனிக் கோர் எல்பாரையும், உரிமை அளவைத் தாண்ட முடியாத கேப்டு மைக்ரோ-பார்ட்டிஷனையும் உரிமத்தை வரையறுக்கும் எல்லைகளாக அதன் கொள்கை ஆவணம் ஏற்கிறது. அன்கேப்டு அந்தப் பட்டியலில் இல்லை. எனவே மந்தத்தைப் போக்குவதற்காக விர்ச்சுவல் புராசஸரை 4-இலிருந்து 8 ஆக்கும் அந்தச் சிறு மாற்றம், கோரின் விலையைவிடப் பலமடங்கு பெரிய உரிமக் கேள்வியை எழுப்பக்கூடும். மாற்றக் கோரிக்கைப் படிவத்தில் உரிமப் பொறுப்பாளரின் கையெழுத்தையும் கட்டாயமாக்குங்கள்.

எங்களிடம் இரண்டு சர்வர்கள் உள்ளன. ஒன்றில் செயல்படுத்திய கோரை மற்றொன்றுக்கு மாற்றலாமா?

சாதாரண நிரந்தரக் குறியீட்டை மாற்ற முடியாது. காரணம் ஆங்கர் கார்டு பற்றிய விடையில் இருக்கிறது. 2013-இல் வந்த என்டர்பிரைஸ் பூல் முறையில், மொபைல் வகை என்று வாங்கிய உரிமைகளைக் குழுவுக்குள் இருக்கும் சர்வர்களுக்கிடையே ஹெச்எம்சியிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். ஒரு சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது, பார்ட்டிஷன்களை லைவ் மொபிலிட்டி மூலம் ஓடும் நிலையிலேயே அடுத்த சர்வருக்கு நகர்த்தி, உரிமைகளையும் கூடவே அனுப்புவது இதன் சிறந்த பயன்.

2019-இல் வந்த பூல் 2.0 முறையில் எல்லாக் கோர்களும் திறந்தே இருக்கின்றன. இனி மேலே சொன்ன கவலைகள் தேவையில்லைதானே?

குறியீடு பற்றிய கவலைகள் குறையும். குழுவிலுள்ள சர்வர்களில் பொருத்தப்பட்ட கோர்கள் அனைத்தும் பயன்பாட்டுக்குக் கிடைக்கும். நீங்கள் வாங்கிய அடிப்படை அளவைக் குழுவின் மொத்த நுகர்வு தாண்டும் நிமிடங்களுக்கு மட்டும், முன்பணமாகச் செலுத்திய கிரெடிட்டிலிருந்து கழிக்கப்படும். ஏஐஎக்ஸ் போன்ற இயங்குதளங்களின் நுகர்வும் தனியே அளக்கப்படுகிறது. ஆனால் இதுவரை உறங்கும் கோர்கள் ஒரு தடுப்பாகவும் இருந்தன: முடிவற்ற சுழலில் சிக்கிய ஒரு நிரல் 20 கோருக்கு மேல் விழுங்க முடியாது. இப்போது அந்தத் தடுப்பு இல்லை. வெள்ளிக்கிழமை மாலை சிக்கிய நிரல், விர்ச்சுவல் புராசஸர் எண்ணிக்கை அனுமதிக்கும் அளவுக்கு வார இறுதி முழுவதும் கிரெடிட்டைத் தின்னும்.

ஆகவே இந்த முறைக்கு மாறுபவர்கள், மாறும் முன்பே ஒவ்வொரு அன்கேப்டு பார்ட்டிஷனின் விர்ச்சுவல் புராசஸர் எண்ணிக்கையையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஐபிஎம்மின் கிளவுட் மேலாண்மைக் கன்சோலில் நுகர்வு வரம்பையும் எச்சரிக்கையையும் அமைத்து, அந்த எச்சரிக்கை விடுமுறை நாளிலும் ஒரு மனிதரின் கைபேசிக்குப் போய்ச் சேர்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். அளவீடு நிமிடக் கணக்கில் நடப்பதால், ஹெச்எம்சியின் கடிகாரம் என்டிபி என்னும் நேர ஒத்திசைவு நெறிமுறை மூலம் சரியான நேரத்தோடு இணைந்திருப்பதும் அவசியம்.